வேனுக்குள் செத்த எலி

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்கிறது. அது சம்பள நாளில் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். மற்ற நாளெல்லாம் துணிக் கிடங்கில் அவள் பெயர் மூக்கு. "மூக்கு வந்தாச்சா?", "மூக்குகிட்ட குடு", "இன்னைக்கு மூக்கு லீவாம், தொலைஞ்சோம்" என்று பெரியவர் சின்னவர் வித்தியாசமில்லாமல் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அவளுக்கும் அதில் வருத்தமில்லை. உள்ளூரக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

போனில் படம் பார்த்து வாங்கிவிட்டு, பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்களே, அந்தத் துணிகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம் அது. மனிதர்கள் யோக்கியமாக இருந்தால் அங்கே அவளுக்கு வேலையே இல்லை. புதுச் சட்டையை விருந்துக்குப் போட்டுக்கொண்டு போய், தின்று, ஆடி, வியர்த்து, மறுநாள் காலையில் மடித்து "அளவு சரியில்லை" என்று அனுப்பிவைக்கும் புண்ணியவான்கள் ஏராளம். அவர்களைப் பிடிப்பதுதான் அவள் வேலை. துணியை மேசையில் விரித்து, அக்குளில் மூக்கை வைத்து ஒரு இழு, கழுத்துப் பட்டையில் ஒரு இழு, முடிந்தது. "சுத்தம்" என்றால் இடது தொட்டி, மறுபடி விற்பனைக்குப் போகும். "பட்டது" என்றால் வலது தொட்டி. உடம்பு பட்டது என்பதைத்தான் அங்கே அப்படிச் சுருக்கிவைத்திருந்தார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவள் காதில் வாங்கி இயந்திரத்தில் அழுத்துவாள் என்பதால் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு ரேடியோ என்று பெயர். ஏன் என்று கேட்கவேண்டியதில்லை. பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும்.

நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி அந்தச் சொல் அவளோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. வீட்டில் அதைக் கேட்பவர் அவள் புருஷன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். தெருவில் அவரை வேன்காரர் என்பார்கள். சர்க்கரை வியாதி வந்து வருஷக்கணக்காகிறது. இரண்டு பாதங்களும் மரத்துப்போய், ஒருமுறை செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறிய ஆணியோடு நாள் பூராவும் வண்டி ஓட்டிவிட்டு வந்து நின்றார். தொப்பை குறுக்கே நிற்பதால் உள்ளங்காலைக் குனிந்து பார்க்கவும் முடியாது, பார்த்தாலும் கண் மங்கல். ஆகவே அவர் காலுக்கு அவள்தான் காவல்.

அது விளையாட்டுக் காவல் இல்லை. முன்பொரு முறை சாயங்காலம் அந்த ஆணிப் புண்ணுக்குக் கட்டுப் போட உட்கார்ந்தவள், மேலுக்கு எந்தக் குறையும் இல்லாத வலது சுண்டுவிரலருகே மூக்கை வைத்துவிட்டு, "பட்டது" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கே இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். விரல் போயிற்று, கால் தப்பியது. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா முழங்காலோட போயிருக்கும், உங்க வீட்டம்மா மூக்குக்கு நீங்க கடன்பட்டிருக்கீங்க" என்று டாக்டர் சொன்னதை வேன்காரர் பால்காரனிலிருந்து பள்ளிக்கூட வாட்ச்மேன் வரைக்கும் ஒருத்தர் விடாமல் சொல்லித் தீர்த்தார். "அவ மூக்கு இருக்கிற வரைக்கும் என் காலு இருக்கும்" என்பது அவருடைய பல்லவி. வேன் ஓட்டாத தன்னை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியாது. பிரேக்கை மிதிக்கும் அந்த வலது கால்தான் அவருக்குச் சோறு, மரியாதை, பேச்சு எல்லாம்.

அன்றிலிருந்து தினம் சாயங்காலம் நடப்பது இதுதான். அவர் கட்டிலில் சாய்ந்து காலை நீட்டுவார். அவள் முக்காலியில் உட்கார்ந்து பழைய துணியை அவிழ்ப்பாள். வலது பெருவிரலுக்குக் கீழே, பெடலை மிதித்து மிதித்துக் காய்ப்புக் காய்த்துப்போன இடத்தில் ஒரு வெடிப்பு ஆறாமல் கிடந்தது. அங்கே மூக்கை வைப்பாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். "சுத்தம்" என்பாள். அவர் மூச்சை விட்டுவிட்டு, "அப்ப டீ போடு" என்பார்.

அப்புறம் அந்தக் காய்ச்சல் வந்தது. ஊரில் எல்லாருக்கும் வந்ததுதான். இருமல், உடம்புவலி, தொண்டையில் முள். வேன்காரருக்கு மூன்று தும்மலோடு போய்விட்டது. அவளை மட்டும் படுக்கையில் போட்டுப் புரட்டி எடுத்தது. எழுந்து அடுப்படிக்குப் போன முதல் நாள், பூண்டை நசுக்கிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டு, கையை மூக்கருகே கொண்டுபோனாள். ஒன்றுமில்லை. சோப்பு, மண்ணெண்ணெய்த் துணி, குப்பைக்கூடை, தன் தலையணை என்று வீடு முழுக்க மோந்து பார்த்தாள். எல்லாம் ஒன்றுபோலக் காற்று. மூக்கடைப்பும் இல்லை, மூச்சு தாராளமாகப் போய் வந்தது. வெறும் மூச்சு.

தெருமுனை டாக்டர் தலையை நிமிர்த்தாமலே, "வந்துடும்மா. சிலருக்கு நாளாகும், சிலருக்கு மாசமாகும்" என்றார்.

"வராமலே போயிடுமா?"

"சிலருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வேலைக்குத் திரும்பிய அன்று முதல் சட்டையை விரித்து, அக்குளில் மூக்கை வைத்து இழுத்தாள். பிறகு ரேடியோவைப் பார்த்து "சுத்தம்" என்றாள். இரண்டாவதும் சுத்தம், மூன்றாவதும் சுத்தம். ரேடியோ அழுத்திக்கொண்டே வந்தவள், திடீரென்று பேச்சை நிறுத்தினாள். அது நிற்பது சாதாரண விஷயம் இல்லை. எழுந்து இடது தொட்டியிலிருந்து ஒரு சட்டையை எடுத்து முகர்ந்தாள்.

"என்னடி இது, பத்து பாக்கெட் சிகரெட்டை ஒண்ணா ஊதினவன் சட்டை மாதிரி இருக்கு. இதைப் போய் சுத்தம்ங்கிற?"

அவள் அடுத்த துணியை விரித்தாள். ரேடியோ அவள் முகத்தையே பார்த்தாள். சட்டையைச் சத்தமில்லாமல் வலது தொட்டியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"போயிடுச்சா?"

"வந்துடும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. யார்கிட்டயும் சொல்லிடாதக்கா."

ரேடியோவிடம் ரகசியம் சொல்வது மைக்கில் சொல்வதற்குச் சமம். ஆனால் அந்த ஒரு விஷயத்தை மட்டும் அந்த மனுஷி கடைசிவரை வெளியே விடவில்லை. இதே மேசையில் முன்பு இருந்த ஒருத்தி, மூக்கு போய்விட்டது என்று நேர்மையாகச் சூப்பர்வைசரிடம் சொன்னாள். அன்றே அவளை மூட்டை தூக்கும் பக்கம் அனுப்பினார்கள். முதுகு பிடித்துக்கொண்டு தானாக நின்றுவிட்டாள். நேர்மைக்குக் கிடைத்த பரிசை இரண்டு பேரும் கண்ணால் பார்த்தவர்கள்.

ஆகவே மூக்கு கண்ணால் மோந்து பார்க்கக் கற்றுக்கொண்டாள். அக்குளில் வெள்ளைத் திட்டு, கழுத்துப் பட்டையில் பழுப்புக் கோடு, தோளில் ஒரு முடி, கடைக்காரன் மடிக்காத மடிப்பு. இத்தனையும் பார்த்துவிட்டுச் சும்மா ஒரு தடவை மூக்கை வைத்து எடுப்பாள். சந்தேகமானதை மேசையின் நடுவே தள்ளுவாள். ரேடியோ இருமினால் பட்டது, இருமாவிட்டால் சுத்தம். சூப்பர்வைசர்ப் பையன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நடந்தாலும் பிடிபடவில்லை. "ரேடியோ அக்காவுக்கு இன்னும் இருமல் விடலயா, டாக்டரைப் பாருங்கக்கா" என்று அவன் ஒருநாள் பரிதாபப்பட்டபோது இரண்டு பேரும் மேசைக்கடியில் காலை உதைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

சிரித்து முடித்ததும் ரேடியோ கேட்டாள். "வீட்டுல சொல்லிட்டேல்ல?"

"சொல்லிட்டேன்."

சொல்லவில்லை. சொல்லத்தான் நினைத்தாள். காய்ச்சல் விட்ட முதல் சாயங்காலமே அவர் காலை நீட்டிக்கொண்டு, "நீ படுத்திருந்தப்ப எனக்குத் தூக்கமே வரல. காலுக்கு ஆளில்லாம போச்சேன்னு" என்றார். குழந்தை மாதிரி ஒரு சிரிப்பு வேறு. அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? நாளைக்கு மூக்கு திரும்பி வந்துவிடப்போகிறது, ஒருநாள் கூத்துக்கு இவரை எதற்காகப் பயமுறுத்த வேண்டும்? குனிந்தாள், இழுத்தாள், "சுத்தம்" என்றாள். அவர் "அப்ப டீ போடு" என்றார்.

இன்னொன்றும் உண்டு, அதையும் மறைப்பதில் அர்த்தமில்லை. அந்த மூக்கைத் தவிர அவளை யாரும் எதற்கும் மெச்சியதில்லை. படிப்பில்லை, பேச்சுச் சாமர்த்தியமில்லை, அழகு என்று மாமியார் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. அது போயிற்று என்று வாய்திறந்து சொன்னால் மிச்சம் என்ன இருக்கும் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

கண் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். பார்க்கவும் பார்த்தாள். வெளிச்சத்துக்குத் திருப்பி, விரலால் அழுத்தி, துடைத்து. காய்ப்பு மேலே காய்ந்து, கெட்டியாக, வெடிப்பின் வாய் ஒட்டிக்கொண்டு ஆறியது போலவே இருந்தது. ஆனால் உடம்பின் பழக்கம் பொல்லாதது. இத்தனை வருஷமாக மூக்கு ஒன்றும் சொல்லவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்றுதான் அர்த்தம். இப்போது மூக்கு செத்துக் கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், குனிந்து இழுத்து, ஒன்றும் வராதபோது மனசு தன்பாட்டில் நிம்மதியாகிவிடும். கட்டுத்துணியில் மஞ்சளாக லேசான ஈரம் பட்டிருந்த அன்றும் அப்படித்தான். நாள் முழுக்க ஷூ போட்டால் வியர்க்காதா என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு வார லீவான ஒரு நாள் மத்தியானம் வேன்காரர் எரிச்சலோடு வந்தார்.

"வண்டிக்குள்ள எலி செத்துக் கிடக்கு போலிருக்கு. பசங்க பூராவும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வருதுங்க. எனக்கு லேசாத்தான் தெரியுது, எங்கேன்னு தெரியல."

"கழுவி விட்டுடுங்க."

"கழுவினா போற வாடையா அது? நீ வா. வீட்டுல இப்பேர்ப்பட்ட மூக்கை வெச்சுக்கிட்டு நான் எதுக்குத் தேடணும்?"

அவளுக்கு மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. வெயிலில் நின்ற வேனுக்குள் ஏறினாள். எதிர்வீட்டுத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டினார். இரண்டு பொடிசுகள் ஜன்னலைப் பிடித்துத் தொங்கின. வேன்காரர் வாசலில் நின்று, "பாருங்க, இப்பப் பிடிச்சுடுவா" என்று கூட்டத்துக்கு அறிவித்தார்.

ஒவ்வொரு இருக்கையாகக் குனிந்து இழுத்துக்கொண்டே போனாள். சூடான காற்று, அவ்வளவுதான். முன்னால் ஒன்றுமில்லை, நடுவில் ஒன்றுமில்லை. இன்னும் ஒரு இருக்கைதான் பாக்கி. அதற்கடியில் மூலையில் கறுப்பாக ஏதோ துகள்கள் கிடந்தன. எலிப் புழுக்கையாக இருக்கலாம், பென்சில் சீவலாகவும் இருக்கலாம். அவள் முகத்தைச் சுளித்தாள். அந்தச் சுளிப்பு எப்படி வந்தது என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறாள். அவ்வளவு இயல்பாக வந்தது.

"இங்கதான்."

"சொன்னேனா இல்லையா?" என்றார் வேன்காரர் தையல்காரரைப் பார்த்து.

சாயங்காலம் வரை உட்கார்ந்து போல்ட்டுகளைக் கழற்றி அந்தக் கடைசி இருக்கையைத் தெருவில் இறக்கினார். அடியில் காய்ந்த ரொட்டித் துண்டு, ஒற்றைக் காலுறை, பொம்மைக் கார்ச் சக்கரம் கிடந்தன. எலி இல்லை.

"ஓடிப்போய் வேற எங்கயோ செத்திருக்கும். வாடை மட்டும் இங்க தங்கிடுச்சு" என்றாள் அவள். அவர் அதையும் நம்பினார். பினாயிலை வாளி வாளியாகக் கரைத்து ஊற்றி, கட்டுப் போட்ட காலோடு அந்தத் தண்ணீரிலேயே நின்று தேய்த்தார். அவள் கட்டை மாற்றிவிட்டாள். மோந்தும் பார்த்தாள். சுத்தம்.

பினாயில் வாடை இருந்தவரைக்கும் எலி வாடை பற்றிப் பேச்சில்லை. அது போனதும் இது வந்துவிட்டது. வேன்காரர் இன்ஜின் மூடியைத் திறந்து தேடினார், ஸ்டெப்னியைக் கழற்றித் தேடினார். "ஒரு எலி இல்ல, குடும்பமே செத்திருக்கு" என்று அலுத்துக்கொண்டார். பிறகு ஒருநாள் டீயை உறிஞ்சியபடி சிரிக்கச் சிரிக்க ஒரு கதை சொன்னார்.

"முன் சீட்டுல என் பக்கத்துல ஒரு குட்டிப் பொண்ணு உட்காரும்ல, ரெட்டைச் சடை, வாயாடி. அது இன்னைக்கு என்ன சொல்லுது தெரியுமா? அங்கிள், எலி இல்ல அங்கிள், உங்க கால்தான் நாறுதுங்குது."

அவள் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எல்லாப் பிள்ளைகளும் சிரிக்குதுங்க. எனக்குக் கோவம் வந்துடுச்சு. என் வீட்டுக்காரி தெனம் மோந்து பாத்து சுத்தம்னு சொல்ற காலுடி இது, உங்க அப்பன் காலைவிடச் சுத்தம்னு சொல்லி, எந்திரிச்சுப் பின்னால போய் உக்காருன்னு துரத்திட்டேன். மூஞ்சி சுருங்கிப் போச்சு பாவம்." அவர் மறுபடி சிரித்தார்.

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். அவர் சிரித்துக்கொண்டே காலை நீட்டினார். கட்டை அவசரமாக அவிழ்த்தாள். ஈரம் முன்னைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது. காய்ப்பைச் சுற்றித் தோல் லேசாக ஊதியிருந்ததா, எப்போதும் அப்படித்தானா? முகத்தைப் பாதத்தில் பதித்து, நெஞ்சு நோகும்வரை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாமை அவளை எப்போதும்போலத் தட்டிக்கொடுத்தது. சின்னப் பிள்ளை பேச்சு. வேனில் எலி இருக்கிறது என்று எல்லாரும்தானே சொல்கிறார்கள்? நாளைக்கு எப்படியாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடலாம். நாளைக்கு.

"என்ன இவ்வளவு நேரம்?" என்றார் அவர்.

"சுத்தம்."

"அதான பாத்தேன்."

மறுநாள் அவருக்கு உடம்பு சுட்டது. நடுங்கினார். மறுபடி அந்தக் காய்ச்சல்தான் என்று இரண்டு பேரும் முடிவு கட்டினார்கள். அவள் கஷாயம் வைத்துக் கொடுத்து, கனமாகப் போர்த்தி, ஜன்னலைச் சாத்தினாள். அன்றைக்கு அவர் காலை நீட்டவில்லை. தூங்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். அவள் காய்ச்சலில் கிடந்த நாட்களை விட்டால், இத்தனை நாளில் கட்டை அவிழ்க்காதது அன்றைக்குத்தான், அதற்கடுத்த நாளும்தான்.

வெளியூரிலிருந்த மகள் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு வந்தாள். செருப்பைக் கழற்றியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா, என்னம்மா இது? ஏதோ செத்துக் கிடக்கு."

"அது வேன்லேருந்து வருதும்மா. எலி. தேடாத இடமில்ல."

"வேன் தெருக்கோடியில நிக்குது" என்றாள் மகள். "இது வீட்டுக்குள்ள வருது."

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே நடந்தாள். அடுப்படியைத் தாண்டினாள். குப்பைக்கூடையைத் தாண்டினாள். அவள் எங்கே போய் நிற்பாள் என்று தாய்க்குத் தெரிந்துவிட்டது. மகள் கட்டிலருகே நின்று போர்வையை விலக்கினாள். பாதம் வீங்கி, கட்டுத்துணிக்குள் அடங்காமல், கணுக்கால் வரை கருநீலமாக ஏறியிருந்தது. மகள் அலறவில்லை. வாயைக் கையால் மூடிக்கொண்டு, தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் கட்டைப் பிரித்து, ஓரமாக நின்ற நர்ஸை முகக்கவசம் போட்டுக்கொள்ளச் சொன்னார். காய்ப்புக்குள்ளேயே சீழ் குழி பறித்துக்கொண்டு எலும்புவரை போய்விட்டது, மேலே மூடி மட்டும் நன்றாக இருந்திருக்கிறது என்றார். முழங்காலுக்கு மேலே எடுத்தால்தான் உயிர் தங்கும். "இத்தனை நாளா வீட்டுல யாருக்குமே வாடை தெரியலையா?" என்று கேட்டார்.

காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்த வேன்காரருக்கு அது மட்டும் நன்றாகக் காதில் விழுந்தது. தலையைத் தூக்கினார்.

"டாக்டர், எங்க வீட்டுல கேட்டுப் பாருங்க. தெனம் மோந்து பாப்பா. அவ மூக்கு தப்புப் பண்ணாது. இது ராத்திரியோட ராத்திரியா வந்ததா இருக்கும்."

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள்.

வராந்தாவில் மகள் கைப்பையைத் துழாவித் தைலப் புட்டியை எடுத்தாள். மூடியைத் திறந்து தாயின் மூக்கருகே நீட்டினாள். நீட்டியவளுக்கே கண்ணில் நீர் வந்தது. தாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

"எப்பலேருந்து?"

"அந்தக் காய்ச்சல்லேருந்து."

மகள் புட்டியை மூடினாள். மூடியை இறுக்கி இறுக்கித் திருகினாள். திட்டினால் தேவலை என்று தாய்க்கு இருந்தது. மகள் திட்டவில்லை.

"அப்பாகிட்ட சொல்லாதம்மா" என்றாள் கடைசியில். "காலும் போயி, இதுவும் தெரிஞ்சா தாங்க மாட்டாரு. அவரு நெனச்சுக்கிட்டு இருக்கிற மாதிரியே இருக்கட்டும்."

கால் போயிற்று. வெட்டியெடுத்ததைக் கறுப்புப் பையில் போட்டுத் தள்ளுவண்டியில் அவளைக் கடந்துதான் கொண்டுபோனார்கள். அவள் வேண்டுமென்றே ஒரு இழு இழுத்துப் பார்த்தாள். வெறும் காற்று. அந்தக் கணத்தில் தன் மூக்கை அறுத்து அந்தப் பைக்குள் போட்டுவிடலாம் போல அவளுக்கு வெறி வந்தது.

வேன்காரர் பிழைத்துக்கொண்டார். கட்டிலில் உட்காரும் அளவுக்குத் தேறியதும் முதலில் சாவியைத்தான் கேட்டார். மகள் பேச்சை மாற்றினாள். தையல்காரர் பார்க்க வந்தபோது அவரிடம், "கை வெச்சே ஓட்டுற மாதிரி வண்டியை மாத்தித் தருவாங்களாம்ல" என்று விசாரித்தார். யாராவது வந்தால் பழைய பல்லவியையும் விடவில்லை. "இவ மட்டும் இல்லேன்னா நான் எப்பவோ போயிருப்பேன். தெனம் மோந்து பாப்பா தெரியுமா? ராத்திரியோட ராத்திரியா வந்த வியாதிக்கு அவ என்ன பண்ணுவா?" அவர் சொல்லச் சொல்ல அவள் பழத்தை உரித்துக்கொண்டிருப்பாள். உரித்த பழத்தையே மறுபடி உரிப்பாள்.

ஒரு நாள் காலை நர்ஸ் வந்து தொடையின் கட்டைப் பிரித்துத் துடைத்தாள். "நல்லா ஆறிட்டு வருது தாத்தா" என்றாள்.

"உனக்கு என்னம்மா தெரியும்" என்றார் வேன்காரர். "இரு, மூடாத. எங்க வீட்டுல மோந்து பாக்கட்டும். அவ சொன்னாத்தான் எனக்கு நிம்மதி."

நர்ஸ் சிரித்துக்கொண்டே விலகி நின்றாள். மகள் ஜன்னலருகிலிருந்து தாயைப் பார்த்து மெல்லத் தலையாட்டினாள். சொல்லிவிடு, ஒரு சொல்தானே என்கிற மாதிரி. அவர் மிச்சமிருந்த துண்டுத் தொடையைக் கொஞ்சம் தூக்கி அவள் பக்கம் நீட்டி, பழையபடி மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

அவள் குனிந்தாள். தையல் போட்ட சிவப்புத் தோலுக்கருகே முகத்தைக் கொண்டுபோனாள். மகள் சொன்னது நியாயம்தான், அவளுக்கும் அது புரிந்தது. ஆனால் இனிமேல் இந்தத் தொடையையும், மிச்சமிருக்கும் அந்த இடது பாதத்தையும் இதே சொல்லை நம்பித்தான் அவர் நீட்டிக்கொண்டிருப்பார். நிமிர்ந்தாள்.

"எனக்குத் தெரியாதுங்க."

"என்ன தெரியாது?"

"வாடை. எனக்கு எந்த வாடையும் தெரியாது. அந்தக் காய்ச்சல்ல போனது வரவே இல்ல. தெனமும் சும்மாதான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

மகள் "அம்மா" என்றாள். அவ்வளவுதான். நர்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனாள்.

வேன்காரர் பிடித்த மூச்சை இன்னும் விடவில்லை. அவள் முகத்தில் எதையோ தேடுவதுபோலப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"அப்ப எலி?"

"எலி இல்லங்க."

"கடைசி சீட்டுக்கு அடியிலன்னு சொன்னியே."

"சொன்னேன்."

அவர் மூச்சை விட்டார். போர்வையைத் தானே இழுத்துத் தொடையை மூடினார். ஓரங்களை அடியில் செருகினார், அவள் கை நீண்டபோது தட்டிவிட்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அந்த ரெட்டைச் சடைப் பொண்ணு சரியாத்தான் சொல்லுச்சு" என்றார். "நான் அதைத்தான் பின்னால போய் உக்காருன்னு துரத்தினேன்."